எஞ்சின் இருந்த இடத்தில் ஐஸ்கட்டி

என் யோகாக்கா,

சுகம் விசாரித்துத் தொடங்க வேண்டும். மனம் வரவில்லை. கோடையிலிருந்து வாய் கசக்கிறது. தேத்தண்ணீருக்குச் சீனி கூடப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. வீட்டில் இதையே கதைத்துக் கதைத்து எல்லாருக்கும் அலுத்துவிட்டது. இனி உன்னிடம்தான் துப்ப வேண்டும். நீ இருந்திருந்தால் என்னைவிட நாலு மடங்கு துப்பியிருப்பாய்.

உன் காரைக் கண்டேன் அக்கா. மொண்டெல்லோக் கடற்கரையில், வெள்ளைக் கம்பளத்துக்கு மேலே. சிவப்புப் பெயின்ற் அடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

என்ன சிவப்பு என்று கேட்பாய். நகத்துக்குப் பூசுவார்களே, அந்தச் சிவப்பு. படை படையாகப் பூசி, அதற்கு மேல் மெழுகு தேய்த்து, கிட்டப் போனால் என் முகம் அதில் தெரிந்தது. சாரோக் கிழவர் சுத்தியலால் தட்டி எடுத்த அந்தத் தகட்டில் எவருடைய முகமாவது ஒருநாள் ஒழுங்காகத் தெரிந்திருக்கிறதா? மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்றுதானே தெரியும். நீ அதில் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டு, கிழவரிடம் காட்டிச் சிரிப்பாய். அந்த நெளிவு ஒன்றுகூட இப்போது இல்லை. எல்லாவற்றையும் பசை வைத்து நிரப்பி மட்டமாக்கிவிட்டார்கள். சேலைத் தலைப்பால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு நின்றேன்.

இதை வேறு சனமும் வாசிக்கும் அக்கா. அவர்களுக்கு அந்தக் காரையும் தெரியாது, உன்னையும் தெரியாது. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ கபோச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் சாரோக் கிழவரை வீட்டோடு இருந்து பார்க்கிற வேலைக்குப் போன முதல் கிழமை, என்னிடம் வந்து சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "கிழவன் நல்லவன். ஆனா கீழை ஒரு தகரப் பேணியை அடைச்சு வைச்சுக்கொண்டு அதோடை கதைக்குதடி" என்றாய். வீட்டின் கீழ்த்தட்டில் சாமான் அறை. அதற்குள், பழைய போர்வைகளுக்கு அடியில், அந்தத் தகரப் பேணி.

கிழவர் இத்தாலியில் இந்தப் பலெர்மோவிலேயே பிறந்து, சின்ன வயதில் தகப்பனோடு அமெரிக்காவுக்குப் போனவர். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அங்கே ஆகாய விமானத் தொழிற்சாலையில் தகடு தறையும் வேலை. சண்டை முடிந்ததும் அந்த நாட்டில் கார்ப் பந்தய விசர் கிளம்பியதாம். ஐரோப்பாவிலிருந்து பந்தயக் கார் இறக்க வசதியுள்ளவர்கள் இறக்கினார்கள். வசதியில்லாதவர்கள் வீட்டு வளவில் தாங்களே கட்டினார்கள். சாரோவும் அவர் மனிசி கொஞ்செத்தாவும், கொஞ்செத்தாவின் அண்ணனும் சேர்ந்து, மாமனார் வீட்டுப் பின்வளவில் இதைக் கட்டினார்கள். பழைய லொறி ஒன்றின் சட்டத்தை வெட்டிக் குறுக்கி அடித்தளம் செய்தார்கள். பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு பெரிய காரிலிருந்து எஞ்சின் எடுத்தார்கள். உழவு மெசினின் ரேடியேற்றர். உடைத்துப் போட்ட விமானங்களின் அலுமினியத் தகட்டில் உடம்பு. கதவு இல்லை, கூரை இல்லை, இரண்டு இருக்கை. பெயின்ற் அடிக்கவில்லை. படலைக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்றில் கொஞ்செத்தா கையால் நாற்பத்தொன்று என்று இலக்கம் மட்டும் எழுதினா. அந்த நாலு, ஒன்றின் தோளில் சாய்ந்துகொண்டு நிற்கும்.

அந்த நாளில் பந்தயம் ஊர்த் தெருக்களிலேயே நடந்ததாம். வளைவுகளில் வைக்கோல் கட்டு அடுக்கிவிட்டு ஓடுவார்கள். புருசனும் மனிசியும் சாப்பாடு கட்டிக்கொண்டு இதே காரில்தான் போவார்கள். அங்கே போய், கண்ணாடி உடைந்து சிதறாமலிருக்க லைற்றுகளுக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டி, பந்தயம் ஓடி, பிளாஸ்ரரைக் கிழித்துவிட்டு அதே காரில் வீட்டுக்குத் திரும்புவார்கள். ஒருநாளும் வென்றதில்லை. ஒருமுறை மூன்றாவதாக வந்தாராம். முன்னால் போனவர்கள் வைக்கோலுக்குள் போய்ச் செருகியதால் வந்த மூன்றாமிடம் என்று கிழவரே சொல்லிச் சிரிப்பார். கொஞ்செத்தா செத்த பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல், தளபாடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காரை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த மனிசன்.

போர்வைக்குக் கீழே கிடந்த அந்தக் கார் ஸ்ரார்ட் ஆகி எழும்பிய நாளில் நானும் அங்கே இருந்தேன். உனக்குப் புட்டும் மீன் குழம்பும் கொண்டு வந்திருந்தேன். பார்த்தால், நீ சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டிருக்கிறாய். கிழவர் சாரதி இருக்கையில் இருந்துகொண்டு அமெரிக்க இங்கிலீசில் யாரையோ ஏசுகிறார். பெற்றோல் பம்ப் செத்துவிட்டதாம். நீ என்ன செய்தாய்? கிழவரின் கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னப் போத்தலுக்குள் பெற்றோலை நிரப்பி, காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாய்.

"உனக்கென்ன விசரே?" என்று கத்தினேன்.

"சும்மா நில்லடி. ஊரிலை சண்டைக்குள்ளை பெற்றோல் தடை நேரம் அத்தான்ரை மினிபஸ்ஸை எத்தினை தரம் இப்பிடி எழுப்பினனான். இதுவும் ஒரு மெசின்தானே."

அது எழும்பியது. எழும்பும்போது நெருப்பும் வந்தது. உன் இடது புருவம் பாதி போய்விட்டது. சத்தத்துக்குச் சந்தைச் சனம் முழுக்க ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. மீன் வெட்டுகிறவன் கத்தியோடு வந்து நின்றான். மேல்மாடிக் கிழவி சிலுவை போட்டாள். கிழவர் ஏசுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். உன் பாதிப் புருவத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். "கொஞ்செத்தாவும் இப்படித்தான், சொல்வழி கேட்கமாட்டாள்" என்றார். நீ முகமெல்லாம் கரியோடு, "என்னவாமடி சொல்லுது?" என்று என்னைக் கேட்டாய்.

உன்னை அதற்கு முதல் அப்படிச் சிரித்து நான் கண்டு எத்தனை வருடம்? அத்தான் இல்லாமல் போன பிறகு நீ சிரித்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

பிறகு பம்ப் திருத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மொண்டெல்லோவரை போனீர்கள். பூங்காவுக்குள்ளால் போகிற நீட்டு றோட்டில் ஒரு பொலிஸ்காரன் மறித்தானாம். கடதாசி எங்கே என்று கேட்டவன், கடைசியில் தானும் ஒருக்கால் அதில் ஏறி இருக்கலாமா என்று கேட்டானாம். அவன் எடுத்த படம்தான் அது. கிழவர் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி, நீ பக்கத்தில் எண்ணெய்க் கானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் புகைக் கரி, பல்லெல்லாம் தெரிய. கிழவர் அதைச் சட்டம் போட்டுக் கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்தார். கொஞ்செத்தாவின் படத்துக்குப் பக்கத்தில்.

கிழவர் செத்த மறுநாள் கதவுக்கு வேறு பூட்டுப் போட்டிருந்தார்கள். போட்டவன் ஃபாபியோ, கிழவரின் தங்கையின் பேரன், மொண்டெல்லோவில் கலியாண விருந்து நடத்துகிற சாப்பாட்டுக்கடைக்காரன். நத்தாருக்கு நத்தார் ஒரு கேக் பெட்டியோடு வந்து ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போவானே, அவன்தான். உன் உடுப்புகள் குப்பை போடுகிற கறுப்புப் பைகளில் கட்டி வாசலில் கிடந்தன. பைக்கு ஒரு கை பிடித்து இரண்டு பேரும் பலாறோச் சந்தைக்குள்ளால் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு மாடிப்படி கழுவுகிற வேலைக்குப் போனாய். பிறகு வயிற்றுக்குள் வந்த அந்த நோய். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, மழை பெய்த ஒரு பின்னேரம், "அந்தக் கீழறைக்குள்ளை மழைத்தண்ணி ஒழுகுமடி மலர், ஆரும் பாப்பினமோ தெரியாது" என்றாய். நான் காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்தேன்.

இனித்தான் உனக்குத் தெரியாத கதை.

இந்தக் கோடைத் தொடக்கத்தில் ஃபாபியோ எனக்குப் போன் எடுத்தான். அத்தனை வருடத்தில் முதல்முறை. மலர் என்று பெயர் சொல்லி, "காரா" என்று செல்லம் வேறு. பெரிய மாமாவின் ஞாபகமாகக் காரைத் திருத்தி எடுத்திருக்கிறானாம். பழைய கார்களின் விழா ஒன்று வருகிறதாம், பத்திரிகைக்காரர் வருகிறார்களாம், உன் குடும்பம் கட்டாயம் வர வேண்டுமாம். "சேலை கட்டிக்கொண்டு வா" என்றான். கடைசியில் சொன்னான், என் மனிசன் ரவிக்குத் தன் கடையில் வேலை இருக்கிறது, கொந்த்ராத்தோ, வேலை ஒப்பந்தம், போட்டுத் தருகிறேன் என்று.

அந்தச் சொல்லில்தான் நாங்கள் மாட்டினோம். ரவி வேலை செய்த ஹோட்டல் பூட்டிவிட்டது. வேலைக் கொந்த்ராத்தோ இல்லாமல் பெர்மெஸோவை, இங்கே இருக்கிறதுக்கான விசாவை, புதுப்பிக்கிறது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும். இரண்டு பேரும் கெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் நின்று காய்ந்தவர்கள்தானே.

"இஞ்சை பாரும் மலர்," என்றார் ரவி, "எங்களுக்குப் பிடிக்குதோ பிடிக்கேல்லையோ, ஒருநாள் போய் நிண்டிட்டு வருவம். அக்காவுக்கும் ஒரு மரியாதைதானே."

"அவன் அக்காவின்ரை உடுப்பைக் குப்பைப் பையிலை போட்டவன்."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுறன்."

போனோம். உன் மாம்பழ நிறப் பட்டுச் சேலையை நான் கட்டிக்கொண்டேன். எங்கள் மகள் துளசியும் வந்தாள். பதினைந்து வயது, என்னைவிட உயரம். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் எங்களுக்கு முதலே வந்து, குத்துவிளக்கும் கையில் எலுமிச்சம்பழமுமாக நின்றார். ஃபாபியோ அவரையும் பிடித்துவிட்டான். "எங்கடை சனத்துக்கு இது எவ்வளவு பெரிய பெருமை, தங்கச்சி" என்றார்.

பெருமையைக் கேள் அக்கா. காருக்கு முன்னால் ஒரு பலகை. பலெர்மோவில் பிறந்த பந்தயக் கார், எங்கள் பாட்டனாரின் கைவண்ணம், சிசிலிய மலைகளை வென்ற வீரன் என்று எழுதியிருந்தது. அமெரிக்கா இல்லை. பின்வளவு இல்லை. கொஞ்செத்தா இல்லை. சாய்ந்த நாலையும் ஒன்றையும் சுரண்டிவிட்டு, கடையில் வெட்டி எடுத்த வெள்ளை வட்டத்துக்குள் நேராக ஏழு என்ற இலக்கத்தை ஒட்டியிருந்தார்கள். ஏழு ஏன் என்று கேட்டேன். "படத்தில் வடிவாக விழும்" என்றான் ஒரு பெடியன்.

பலகைக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு உன் படம். பொலிஸ்காரன் எடுத்த அதே படம். கிழவரை வெட்டிவிட்டு உன்னை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். முகத்துக் கரியை அழித்து, நிறத்தையும் கொஞ்சம் வெளுக்க வைத்திருந்தார்கள். துளசிதான் முதலில் கண்டாள்.

"அம்மா, பெரியம்மான்ரை கையிலை என்ன?"

எண்ணெய்க் கான் இல்லை. அந்த இடத்தில் ஒரு தட்டம். தட்டத்தில் வைன் கிளாஸ்கள். உன் கை தூக்கிய அதே கை, உன் சிரிப்பு அதே சிரிப்பு, ஆனால் நீ யாருக்கோ குடிக்கக் கொண்டு வருகிறாய். கீழே எழுதியிருந்தது: எங்கள் விசுவாசமான யோலாண்டா.

"மீ... கே ஸ்கீஃபோ!" என்றாள் துளசி. இந்த ஊர்ப் பிள்ளைகள் அருவருத்தால் சொல்வது அது. அழுகிய மீனைக் கண்டாலும் சொல்வார்கள், பொய்க்காரனைக் கண்டாலும் சொல்வார்கள். தமிழில் அதற்கு ஒரு சொல் தேடினேன். எனக்கு அந்த நேரம் ஒன்றும் வரவில்லை.

நான் ஃபாபியோவிடம் போய், "அவள் பெயர் யோகராணி" என்றேன். "யோலாண்டா சொல்ல இலகு, காரா, அன்பாகத்தானே" என்று கன்னத்தைத் தட்டினான். எனக்கு நாற்பத்தெட்டு வயது.

பிறகு ஆசீர்வாதம். கீழைத்தேய ஆசீர்வாதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சங்கத் தலைவர் ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழங்களை வைத்தார். என்னைக் காருக்கு மூன்று பொட்டு வைக்கச் சொன்னார்கள். கமராக்காரன், கொஞ்சம் மெதுவாக, திரும்ப ஒருக்கால் வை என்றான். வைத்தேன். ரவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வைத்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சேட்டுப் போட்ட பரிமாறுகிற பெடியன்கள் நாலு பேர் வந்து காரைத் தள்ளினார்கள். பழங்கள் நசுங்கின. சனம் கை தட்டியது.

ஏன் தள்ளுகிறார்கள்? அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இவ்வளவு நேரமும் நான் ஒரு சத்தமும் கேட்கவில்லை. கபோ முழுவதையும் ஒழுங்கைக்குள் இழுத்த சத்தம் எங்கே?

ஃபாபியோ காரின் முன்மூடியைப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் திறந்தான்.

உள்ளே ஐஸ்கட்டி, அக்கா. எஞ்சின் இருந்த இடத்தில் வெள்ளித் தொட்டி இறக்கி, அது நிரம்ப ஐஸ். ஐஸுக்குள் வைன் போத்தல்கள் கழுத்து நீட்டிக்கொண்டு நின்றன. நீ தலையை விட்டு, புருவத்தைக் கொடுத்து எழுப்பிய இடம். கலியாண வீடுகளுக்கு இனி இந்தக் கார் இப்படித்தான் போகுமாம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் மூடியைத் திறந்து முதல் போத்தலை எடுப்பார்களாம். சனம் ஓ என்று கத்தியது. ஐஸ் உருகிய தண்ணீர் அடியால் சொட்டி வெள்ளைக் கம்பளத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

முதல் கிளாஸை என் கையில்தான் தந்தான்.

"எஞ்சின் எங்கே?" என்று கேட்டேன்.

"எஞ்சினா? அந்தப் பழைய இரும்பா? எண்ணெய் ஒழுகும், மணக்கும். பொம்பிளையின் உடுப்பில் பட்டால் என்ன செய்கிறது? பழைய இரும்புக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். நல்ல வேளை."

எத்தனையோ வருடம் ஒரு மனிசன் கடல் தாண்டிக் கொண்டுவந்து போர்வை போர்த்தி வைத்திருந்தது. அதை உருக்கியிருப்பார்கள். இப்போது அது யாருடைய யன்னல் கம்பியோ, யாருடைய படலையோ?

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியை என் கையில் தந்தார்கள். யோலாண்டாவின் தங்கை இரண்டு சொல் பேசட்டும் என்று. எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் பேசினேன். என் அக்காவின் பெயர் யோகராணி. அவள் கையில் இருந்தது எண்ணெய்க் கான், தட்டமில்லை. இந்தக் கார் இங்கே பிறக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு பின்வளவில் சாரோவும் கொஞ்செத்தாவும் கொஞ்செத்தாவின் அண்ணனும் கட்டினது. இதற்கு எஞ்சின் இல்லை, எஞ்சினை விற்றுவிட்டார்கள். என் அக்காவைக் குப்பைப் பையோடு வாசலில் விட்டவன் இவன். இவ்வளவையும் சொன்னேன்.

பிறகு ஃபாபியோ கை தட்டினான்.

"கேட்டீர்களா?" என்றான் சனத்தைப் பார்த்து. "என்ன ஆவேசம்! என்ன அன்பு! இலங்கையில் பிறந்தாலும் இது சிசிலிய இரத்தம்!"

எல்லாரும் தட்டினார்கள். "ப்ராவா, ப்ராவா!" ஒரு பெண் கண் கலங்கி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் கையிலிருந்த வைன் உன் சேலையில் ஊற்றியது. நான் அவனைக் கள்ளன் என்று சொல்லியிருக்கிறேன், அவள் எனக்கு முத்தம் தருகிறாள். அக்கா, ஏசினால் திருப்பி ஏசுவார்கள், அல்லது தலை குனிவார்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நக்கிக் குடிப்பார்கள் என்று நினைக்கவில்லை. சங்கத் தலைவர் கிட்ட வந்து, "நல்லாக் கதைச்சீர் தங்கச்சி. கொஞ்சம் சிரிச்ச முகமாக் கதைச்சிருக்கலாம்" என்றார். அவன்மேல் வந்த அருவருப்பைவிட அந்த இடத்தில் இவர்மேல் வந்ததுதான் கூட.

நான் நேரே போய் உன் படத்தைத் தூக்கினேன். பாரமான பலகை. ஒரு பெடியன் மறிக்க வந்தான். ரவி வந்து மற்றத் தலைப்பைப் பிடித்தார். பிடித்தபடியே நடந்தார். மூன்று பேரும் உன்னைத் தூக்கிக்கொண்டு கடற்கரை நீளத்துக்கும் நடந்து பஸ் ஏறினோம்.

பஸ்ஸுக்குள் ஒரு கிழவி உன்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். "யார் இது?" என்று கேட்டாள்.

"என் அக்கா."

"செத்துவிட்டாவா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். அவளுக்கு விளங்கியது. தட்டத்தைப் பார்த்து, "பரிமாறுகிற வேலையா?" என்றாள்.

"மெக்கானிக்" என்றாள் துளசி. கிழவி தலையாட்டிவிட்டு, தன் காலை ஒதுக்கி உன் பலகைக்கு இடம் விட்டாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து, சேட்டுக்கூடக் கழற்றாமல் ரவி கதிரையில் இருந்தார். "மலர், நான் நாளைக்கு அந்தாளிட்டை கொந்த்ராத்தோவுக்குப் போகேல்லை."

"அப்ப பெர்மெஸோ?"

"பாப்பம்."

பார்த்தோம். கோடை முழுக்கப் பயத்தோடு பார்த்தோம். இப்போது அவருக்கு மரக்கறி மொத்தச் சந்தையில் பெட்டி இறக்குகிற வேலை. முதுகு நோ என்று நான்தான் எண்ணெய் தேய்க்கிறேன். ஆனால் கொந்த்ராத்தோ போட்டிருக்கிறார்கள், கெஸ்தூராவில் கடதாசியையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த மட்டில் நிம்மதி.

அருவருப்பு அதோடு முடிந்ததென்று நினைக்காதே. என் பேச்சை யாரோ எடுத்த வீடியோ போன் போனாகப் போயிருக்கிறது. போன மாதம் ஃபாபியோ திரும்பப் போன் எடுத்தான். அடுத்த வருடம் கலியாணம் கட்டப்போகிற ஒரு சோடி அதைப் பார்த்துவிட்டு, காரோடு அந்தக் கோபக்காரப் பொம்பிளையும் வேண்டும் என்று கேட்கிறார்களாம். "அதே சேலை, அதே பேச்சு. அதே மாதிரிக் கோபப்பட்டால் போதும்" என்றான். நான் அவனுக்குத் தமிழில் பதில் சொன்னேன் அக்கா. சின்ன வயதில் கிணற்றடியில் சண்டை பிடிக்கும்போது நீ சொல்லி அம்மாவிடம் அடி வாங்கிய சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. அவன், "இதையும் மேடையில் சொல்லு, நல்லாயிருக்கும்" என்றான்.

அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். இத்தாலியத்தில் எழுதினால் இதற்கும் கை தட்டுவார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் கிழமையில் மூன்று நாள் மொண்டெல்லோவில் ஒரு சிஞோராவின் வீட்டில் துப்புரவு வேலை செய்கிறேன். பஸ்ஸுக்குப் போகிற வழி ஃபாபியோவின் கடைப் பின்பக்கத்தால் போகிறது. கடற்கரைக் காலம் முடிந்து கடை பூட்டியாயிற்று. கார் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் மூடிக்குக் கீழே நிற்கிறது. நாய் வந்து அதன் சில்லில் பெய்துவிட்டுப் போகிறது. முதல் நாள் கண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். இரண்டாம் நாள் நின்றேன். மூன்றாம் நாள், யன்னல் கண்ணாடியில் ஒட்டினதைச் சுரண்டுகிற தகடு என் வேலைப் பைக்குள் இருப்பது ஞாபகம் வந்தது.

பின்பக்கத்தால் பிளாஸ்ரிக் மூடியைத் தூக்கி, வால் பக்கத்தில் ஒரு உள்ளங்கை அளவுக்குச் சுரண்டினேன். சிவப்பு சுருள் சுருளாக வந்தது. அதன் கீழே சாம்பல் நிறப் பசை, சுரண்டுகிற தகட்டில் ஒட்டிக்கொள்கிற அரியண்டம் பிடித்த பசை. அதற்கும் கீழே பழைய அலுமினியம். விரலை வைத்துப் பார்த்தேன். குழி குழியாக, ஒவ்வொரு குழியும் ஒரு சுத்தியல் அடி. அவ்வளவையும் அவர்களால் அழிக்க முடியவில்லை, மூடத்தான் முடிந்திருக்கிறது. மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கமாக நான் அதில் தெரிந்தேன். மூடியை இழுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகிற ஒரு நாளும் சுரண்டாமல் விட்டதில்லை. ஒரு கிழமை கழிய ரவி என் கையைப் பிடித்துப் பார்த்து, "உம்முடைய நகத்துக்குள்ளை என்ன சிவப்பு?" என்றார். "பெயின்ற்" என்றேன். அடுத்த நாள் பெட்டி இறக்கிவிட்டு வரும்போது, சுரண்டுகிற புதுத் தகடுகள் ஒரு பக்கற் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

எஞ்சினை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது அக்கா. யாராலும் முடியாது. ஆனால் வசந்த காலக் கலியாணங்கள் தொடங்க இன்னும் மாதக் கணக்கில் இருக்கிறது, அதுவரை அந்த மூடியைத் தூக்கிப் பார்க்க அவன் வரமாட்டான். வால் முடிந்துவிட்டது. இப்போது இடது பக்கத்தில் நிற்கிறேன். பிடிபட்டால் பிடிபடட்டும். முன்மூடி வரை, அந்த ஏழு வரை, ஒரு சொட்டுச் சிவப்பு மிஞ்சாமல் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் உனக்கு அடுத்த முறை சுகம் விசாரித்து எழுதுவேன். இது உன்மேல் சத்தியம்.

ஒரே வயிற்றில் உனக்குப் பின்னால் வந்து, இன்றைக்கும் உன் சேலையையே கட்டிக்கொண்டு திரிகிற உன் தங்கைச்சி,
மலர்
பலாறோச் சந்தையடி, அல்பெர்கேரியா, பலெர்மோ